நாலாவது டிரான்ஸ்பார்மர்

“மாத்திட்டேன்னு சொல்றேன்ல—”

“மாத்தினா இது ஏன் இங்க இருக்கு? நீங்களே வந்து—”

“காலையில என் கையால மாத்தினேன்மா. டார்ச் அடிச்சுப் பாத்துட்டுத்தான் கதவை மூடினேன்.”

“எட்டிப் பாருங்க சார்.”

ஆபரேட்டர் பேனலின் பின்பக்கம் குனிந்து பார்த்தார். ஒயர்களை இணைக்கும் நாலு பித்தளைத் தகடுகள், நாலு லிங்க்கும், பழைய இடத்திலேயே இருந்தன.

ரிலேயைச் சோதிக்க வந்த அந்த டெஸ்டர் மதியம்தான் ஜீப்பில் வந்து இறங்கியிருந்தாள். வெளியே விடாத தூறல். சப்ஸ்டேஷன் யார்டில் மூன்று டிரான்ஸ்பார்மர்கள் வேலை பார்க்கும். மூலையில் நிற்கிற நாலாவது, அவசரத்துக்கு வைத்திருக்கும் ஸ்பேர். நடுவில் இருப்பதில் எண்ணெய்க் கசிவு, அதனால் இன்று ஸ்பேரைச் சேர்க்க வேண்டும். உள்ளே போன மின்சாரமும் வெளியே வந்ததும் ஒத்துப்போகிறதா என்று ரிலே கணக்குப் பார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் கண் இமைப்பதற்குள் துண்டித்துவிடும். ஆனால் லிங்க்கை மாற்றினால்தான் அதன் பார்வை ஸ்பேர் பக்கம் திரும்பும். இல்லையென்றால் ஸ்பேர் வெடித்தாலும் அதற்குத் தெரியாது.

“மறந்திருப்பீங்க,” என்றாள், குரலை இறக்கி. “நாள் முழுக்கத் தனியாவே கெடந்தா யாருக்கும் அப்படித்தான்.”

“இதை நான் மறக்க மாட்டேன்.”

அவள் பார்க்கப் பார்க்க மாற்றினார். இருவருமாக இறுக்கினார்கள். அவள் கதவைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

முன்பக்கம் வந்து உட்கார்ந்தபோது கருகிய எண்ணெய் வாடை வந்தது.

பின்னால் பித்தளை உரசியது.

மெதுவாக. ஒவ்வொரு திருகாக.

பூட்டைத் திறந்தாள். நாலும் பழைய இடத்தில். கதவின் உட்புறம் கருப்பு எண்ணெயில் ஒரு கை பதிந்திருந்தது. ஈரம் காயவில்லை.

“இங்க வேற யார் சார் இருக்கா?”

அவர் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

“போன வருஷம் ஸ்பேர்கிட்ட ஒரு பிட்டர் செத்தான், தெரியுமில்ல?”

“ரிப்போர்ட் படிச்சேன். நீங்க மாத்தி வச்ச லிங்க்கை அவரே திருப்பி வச்சிட்டார்னு—”

“அப்படிச் சொன்னது நான்தான்.”

அவள் கதவை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

“என் தம்பி அவன். என்னை அண்ணேன்னு கூப்பிட இருந்த ஒரே ஆள். மத்தவங்களுக்கெல்லாம் நான் ஆபரேட்டர். அங்க நின்னுக்கிட்டு யார்டு போன்ல கேட்டான். மாத்திட்டேன்னு சொன்னேன்.”

“மாத்தலையா?”

“டீ ஆறிடும்னு குடிச்சிக்கிட்டிருந்தேன். குடிச்சிட்டு மாத்திக்கலாம்னு நெனச்சேன். மறந்துட்டு சுவிட்சைப் போட்டேன். அங்க தீப்பிடிச்சும் ரிலே துண்டிக்கல.”

“எழுதிக் கொடுத்துடுங்க சார். செத்தவர் பேர்ல பழி நிக்குது.”

“எழுதினா என்னை இங்கேருந்து அனுப்பிடுவாங்க,” என்றார். “அவன் இங்கதானேம்மா இருக்கான். அங்க வீட்ல எனக்கு யார் இருக்கா?”

மேசை மேலிருந்த யார்டு போன் அடித்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். விபத்தில் எரிந்ததால் வெட்டிவிட்ட அதன் ஒயரை யாரும் மறுபடி இணைக்கவில்லை. அறுந்த நுனி மேசையோரம் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுபடி அடித்தது.

அவள்தான் எடுத்தாள். கேட்டாள்.

“உங்களுக்குத்தான்,” என்று முணுமுணுத்து ரிசீவரை அவர் காதருகே நீட்டினாள்.

அதற்குள்ளும் தூறல் சத்தம். பிறகு, அவசரமே இல்லாத ஒரு குரல்.

“அண்ணே, லிங்க் மாத்திட்டியா?”