முப்பத்திரண்டு அடிக் குழாய்

குளியலறை மூலையில் இருந்த சல்லடை மூடியின் மேல் தண்ணீர் ஒரு விரல்கடை உயரத்துக்கு ஏறி வந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மெல்ல உள்ளே இறங்கிப் போனது. அவன் கதவு நிலையில் சாய்ந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டில் எந்தக் குழாயும் திறந்திருக்கவில்லை. மொட்டைமாடித் தொட்டியின் வால்வைக் காலையிலேயே மூடிவிட்டான்.

அடைத்துக்கொண்ட குழாயில் தண்ணீர் சும்மா நிற்கும், அவ்வளவுதான். மேலே ஊற்றினால் ஏறும், கசிய வழி கிடைத்தால் இறங்கும். ஊற்றாமல் ஏறாது. இது ஏறியது. கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தான். ஏற நான்கு விநாடி, நிற்க ஒன்று, இறங்க நான்கு. ஒரு தடவைகூடக் கணக்குத் தப்பவில்லை.

"காத்து மாட்டியிருக்கும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

லிப்ட் பழுதுபார்ப்பது அவன் தொழில். பதினாறு வருஷமாக அதுதான். எது ஓடாமல் நின்றாலும் திறந்து பார்க்காமல் அவனால் இருக்க முடியாது. அதைவிடப் பெரிய அவசரம் இன்னொன்று இருந்தது. மறுநாள் காலை மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள், ஆறு நாள் குழந்தையோடு. வயிற்றில் தையல் இன்னும் பிரிக்கவில்லை. பச்சை உடம்புக்காரியையும் பச்சைக் குழந்தையையும் இந்த நாற்றத்துக்குள் எப்படிப் படுக்க வைப்பது? அடைப்பெடுக்கிற ஆள் மூன்று நாளைக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டார். ஆகவே அவனே இறங்கினான். துணைக்கு மனைவியின் தம்பி வந்திருந்தான். தலைமுடியை வைத்து எல்லோரும் அவனைச் சுருட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நிமிஷம் வாய் மூடாதவன்.

வீட்டுக்குக் கீழே ஓடுவது ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. குளியலறை, கழிவறை, சமையலறை மூன்றும் சமையலறைச் சுவரோரம் இருக்கும் ஒரு சின்னச் செங்கல் தொட்டியில் வந்து விழுகின்றன. சேம்பர் என்பார்கள். அதற்கு இரண்டு வாய். ஒன்று வீட்டைப் பார்த்தது, ஒன்று தெருவைப் பார்த்தது. தெருப்பக்க வாயிலிருந்து நான்கு அங்குலக் குழாய் ஒன்று நேராகப் போய் வாசல் கேட்டருகே உள்ள இரண்டாவது சேம்பரில் சேர்கிறது. அங்கிருந்து தெருவுக்கு. அடைப்பு எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு மூடியையும் திறந்தாலே போதும். இரண்டிலும் தண்ணீர் நின்றால் கோளாறு தெருவில். முதலாவது நிறைந்து இரண்டாவது காய்ந்திருந்தால் கோளாறு இரண்டுக்கும் நடுவில்.

மூடிகளை நெம்பி எடுத்துவிட்டு அரை மணி நேரம் எட்டவே நின்றார்கள். உள்ளே தேங்கிய வாயு ஆளை நின்ற இடத்தில் சாய்த்துவிடும் என்பது அவனுக்குத் தெரியும். பிறகு எட்டிப் பார்த்தார்கள். சமையலறைச் சேம்பரில் விளிம்புக்கு ஒரு சாண் கீழே கறுப்பாகத் தண்ணீர் நின்றது. வாசல் சேம்பர் காய்ந்து கிடந்தது. காய்ந்து மட்டுமல்ல, ஒரு பிசுக்கில்லை, ஒரு கரப்பான் இல்லை. யாரோ உட்கார்ந்து துணியால் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"எங்க வீட்டுச் சமையல் மேடைகூட இவ்வளவு சுத்தமா இருக்காது மாமா," என்றான் சுருட்டை.

"நீ அதுல ஏறி உக்காராம இருந்தா இருக்கும்."

அவன் சேம்பருக்குச் சேம்பர் அளந்தான். முப்பத்திரண்டு அடி. ஹார்டுவேர் கடையிலிருந்து இரவல் வாங்கிய ஸ்பிரிங் கம்பி ஐம்பது அடி, நுனியில் கொக்கி. பத்தடிக்கு ஒரு சிவப்பு டேப் சுற்றினான். எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று கை இருட்டில் இருக்கும்போது கண்ணுக்குத் தெரிய வேண்டும். சுருட்டையை வாசல் சேம்பருக்கு அனுப்பினான். வீட்டு மூலை மறைப்பதால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. குரல்தான் வழி.

"நான் 'வந்துச்சா'ன்னு கேப்பேன். கம்பி நுனி தெரிஞ்சா 'வந்துச்சு'ன்னு சொல்லு. இல்லன்னா 'வரல'. வேற கதை பேசாத."

"நீங்க எல்லாரையும் மேல ஏத்தியே பழகினவரு. இங்க எல்லாம் கீழ போகணும் மாமா. ஞாபகம் வச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டுச் சுருட்டை மூலை திரும்பினான்.

மழைக்குக் கட்டியிருந்த மாலை. நாலரை மணிக்கே வெளிச்சம் சாம்பல் பூத்துவிட்டது. அவன் மண்டியிட்டு, கையுறை போட்ட கையால் கறுத்த தண்ணீருக்குள் துழாவி, தெருப்பக்க வாயைக் கண்டுபிடித்து, கொக்கியை உள்ளே நுழைத்தான். வலக் கையால் சுற்றி, இடக் கையால் தள்ள வேண்டும். சுற்றாமல் தள்ளினால் கம்பி மடங்கிக்கொள்ளும். கரகரவென்று இரும்பு குழாயை உரசுகிற சத்தம் முழங்கை வழியாக ஏறிப் பல்லில் போய் நின்றது. அழுகல் வாடைக்கு அடியில் வேறொரு வாடை இருந்தது. ரொம்ப நாள் மூடிக் கிடந்த அறையைத் திறந்தால் வருமே, அது. பத்தடி.

"வந்துச்சா?"

"பத்தடியில எப்படி வரும் மாமா? அது என்ன ரயிலா?"

இருபதடி. அடைப்பு இருந்தால் அந்த இடத்தில் கம்பி முட்டும், கையில் ஓர் இடி தெரியும். முட்டவில்லை. அவ்வளவு வழுவழுப்பாகப் போனது.

"வந்துச்சா?"

"வரல. கொசுதான் வந்துச்சு. நாலு."

முப்பதடி. முப்பத்திரண்டு. மூன்றாவது சிவப்பு டேப் தண்ணீருக்குள் மறைந்தது. இன்னும் முட்டவில்லை.

"வந்துச்சா?"

"வரல."

நெற்றியைச் சுருக்கினான். குழாய் எங்கேயாவது உடைந்து கம்பி மண்ணுக்குள் போகிறதோ? மண் என்றால் கை கனக்கும். கை கனக்கவில்லை. உள்ளேயே சுருள்கிறதோ? சுருண்டால் எகிறி அடிக்கும். எகிறவில்லை. நாற்பது.

"வந்துச்சா?"

"வரல."

"தூங்கிட்டியாடா அங்க?"

"வரல."

ஒரே மாதிரி. அதே ஏற்றம், அதே இறக்கம். சுருட்டைக்குக் கோபம் போலிருக்கிறது, வேற கதை பேசாதே என்றதற்கு. அவன் சிரித்துக்கொண்டே மேலும் தள்ளினான். நாற்பத்தைந்து. ஐம்பது. கைப்பிடி சேம்பர் விளிம்பில் வந்து இடித்தது. மொத்தக் கம்பியும் உள்ளே.

"வந்துச்சா?"

"வரல."

இந்தத் தடவை அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சொல் வந்தபோது, கம்பி இறங்கும் இடத்தில், நான்கைந்து குமிழிகள் எழுந்து உடைந்தன.

வெறும் காற்று. வாயு அப்படித்தான் வெளியேறும்.

அப்போது கம்பி இழுபட்டது. வெடுக்கென்று இல்லை. ஒரு சாண் அளவுக்கு, மெதுவாக, ஒருவர் பிடித்துப் பார்ப்பது போல.

லிப்ட்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெட்டி நடுவழியில் நின்றுவிட்டால் முதலில் கயிற்றின் மேல் உள்ளங்கையை வைப்பான். மூட்டை ஏற்றிய கயிறு கல் மாதிரி நிற்கும். ஆள் நிற்கும் கயிறு அப்படி நிற்காது. உள்ளே இருப்பவர் மூச்சு வாங்குவார், காலை மாற்றி ஊன்றுவார், கதவைத் தொட்டுப் பார்ப்பார். அத்தனையும் கயிற்றில் ஊர்ந்து மேலே வரும். பதினாறு வருஷத்தில் அவன் உள்ளங்கை ஒரு தடவையும் ஏமாந்ததில்லை.

கையுறையைக் கழற்றிவிட்டுக் கம்பியின் மேல் உள்ளங்கையை வைத்தான்.

இடக் கால். வலக் கால். இடக் கால்.

"மாமா," என்றது குரல். "இழுங்க."

அவனுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. சுருட்டை குனிந்து பார்த்திருக்கிறான், வாயு அடித்திருக்கிறது, தலைகுப்புற வாசல் சேம்பருக்குள் விழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். எழுந்து ஓடலாம். ஓடினால் கம்பியை விட வேண்டும். ஆள் தொங்கும் கயிற்றை விடக் கூடாது. அவன் தொழிலில் முதல் பாடமும் அதுதான், கடைசிப் பாடமும் அதுதான். கரண்ட் போனாலும், மோட்டார் எரிந்தாலும், கையால் சுற்றிச் சுற்றி, பெட்டியைத் தளத்துக்குக் கொண்டுவந்து, ஆளை இறக்கிவிட்ட பிறகுதான் கை எடுக்க வேண்டும்.

"விட்டுடாத. பிடிச்சுக்கோ," என்று கத்திவிட்டு இழுத்தான்.

கனம். நல்ல கனம். நாற்பதடி டேப் வெளியே வந்தது.

அப்போதுதான் அறிவு மெல்ல வேலை செய்யத் தொடங்கியது. வாசல் சேம்பரில் விழுந்தவன் வாசல் சேம்பரில்தான் கிடப்பான். இழுத்தால் கம்பி இறுகும், நகராது. இது நகர்கிறது. கனத்தோடு நகர்கிறது. நான்கு அங்குலக் குழாய்க்குள்.

முப்பதடி.

"இழுங்க மாமா."

குமிழிகள்.

கையை எடுக்கத்தான் நினைத்தான். விரல்கள் திறக்கவில்லை. பயமா பழக்கமா என்று பிரித்துச் சொல்ல அவனால் முடியவில்லை. ஒரு கை முடிந்ததும் மறு கை தானாக முன்னே போனது. குழாயின் உள்ளே ஏதோ உரசியது. இரும்புச் சத்தம் இல்லை. ஈரத் துணிச் சத்தம். இருபதடி. உள்ளங்கையில் காலடி இப்போது வேகமாக இருந்தது. ஏறி வருகிறவரின் காலடி.

பத்தடி.

"இன்னும் கொஞ்சம்தான் மாமா."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கேட் கிறீச்சிட்டது. ஒரு குழந்தை சிணுங்கியது. பிறகு வீட்டு மூலையைத் திரும்பிக்கொண்டு, தோளில் ஒரு பையும் கையில் ஒரு பிளாஸ்க்குமாகச் சுருட்டை வந்து நின்றான். சட்டை கசங்காமல், தலை கலையாமல்.

"இன்னுமா முடியல? டாக்டர் இன்னைக்கே வீட்டுக்குப் போகலாம்னுட்டாராம். அக்கா போன் பண்ணிச்சு. ஆஸ்பத்திரி அடுத்த தெருதானேன்னு ஓடிப்போய்க் கூட்டிட்டு வந்துட்டேன்."

"எப்போ?" கம்பியை விடாமலே அவன் கேட்டான்.

"இருபதடி விட்டீங்களே, அப்போ. உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே போனேன்?"

"என்கிட்டயா?"

"கத்திச் சொன்னேன் மாமா. நீங்களும் 'சரி, போயிட்டு வா'ன்னீங்க."

அவன் அப்படிச் சொல்லவில்லை.

கையிலிருந்த கம்பி அந்த நொடியில் தளர்ந்தது. கயிறு தளர்ந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஏறியவர் இறங்கிவிட்டார்.

மிச்சப் பத்தடியும் கனமே இல்லாமல் அவன் கையோடு வந்தது. கொக்கி நிமிர்ந்திருந்தது. அதில் ஒரு துளி அழுக்கு இல்லை. சேம்பருக்குள் கறுப்புத் தண்ணீர் ஒரு சுழி சுழித்தது. பிறகு நீளமாக ஒரு மிடறு விழுங்குவது போலச் சத்தம் போட்டுக்கொண்டு, தெருப்பக்கமாக வடிந்து, அடியில் இருந்த சிமெண்டு தெரியும்வரை இறங்கிப் போனது.

"அப்பாடா. சரியாயிடுச்சு," என்றான் சுருட்டை. "அக்கா உள்ள போயிடுச்சு. வாங்க, கைகால் கழுவிட்டுக் குழந்தையப் பாருங்க."

அவன் சேம்பரையே பார்த்தான். இரண்டு வாய்களும் இப்போது வெளியே தெரிந்தன. தெருப்பக்க வாயில் பல வருஷப் பிசுக்கு வெளிப்பக்கமாக வழித்துக்கொண்டு வந்திருந்தது. வீட்டுப்பக்க வாயின் விளிம்பிலும் பிசுக்கு இல்லை. ஈரமாக, வழவழவென்று, உட்பக்கமாக வழித்துக்கொண்டு போயிருந்தது.

சேம்பர் விளிம்பில் கையூன்றி எழுந்தான்.

சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே இன்னும் இருட்டு. கட்டில் கிறீச்சிடுவது கேட்டது, மனைவி வலியோடு மெல்ல உட்காருகிறாள்.

"லைட்டப் போடுடா மொதல்ல," என்றாள் அவள்.

"வேணாம்க்கா. குழந்தைக்குக் கண்ணு கூசும்," என்றது சுருட்டையின் குரல், வீட்டுக்குள்ளிருந்து.

சுருட்டை அவன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். வாய் மூடியிருந்தது. பிளாஸ்க் கையிலிருந்து நழுவிப் புல்லில் விழுந்தது.

"சரி, கை கழுவிட்டியா?"

"கழுவிட்டேன்."

"இந்தா. மெதுவா. கழுத்துக்கு அடியில கை குடுத்துப் பிடி."