அவரே சொல்லட்டும்

“நீங்க கொஞ்சம் வெளியில இருக்கீங்களா... அவரே சொல்லட்டும்.”

நர்ஸ் மெல்லத்தான் சொன்னாள். ஆனாலும் பெரியவரின் மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. மாரடைப்பிலிருந்து மீண்டவர்களின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று ஓர் ஆய்வுக்காகக் கேட்டு மதிப்பெண் போடுவது அவள் வேலை. நோயாளியேதான் பதில் சொல்ல வேண்டும். இவனோ அப்பாவை வாயே திறக்கவிடவில்லை. படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்றதற்கு, “படியே ஏற விடறதில்லைங்க, லிஃப்ட்தான்” என்றான் பெருமையாக. லிஃப்ட் மெக்கானிக் அல்லவா!

போகும்போது ஒரு பார்வை பார்த்தான்... கோபப் பார்வைதான். ஆனாலும் என்ன கண்கள்! கடவுளே, வேலை நேரத்தில் இதென்ன நினைப்பு?

மற்றவர்களுக்குப் பாரமாக இருப்பதாகத் தோன்றுகிறதா என்று கேட்டாள். பெரியவர் மூடிய கதவைப் பார்த்தார்.

“எந்நேரமும் தோணுதும்மா. ஒரு டம்ளர் தண்ணிகூட என்னை எடுக்க விடமாட்டான். பாசம்தான்... ஆனா பொழைச்சு வந்த மாதிரியே இல்ல.”

வெளியே வந்ததும் எவ்வளவு மார்க் என்று கேட்டான் மகன். சொல்லக் கூடாது என்றாள். பெற்ற பிள்ளைக்கே சொல்ல மாட்டீர்களா என்று முறுக்கிக்கொண்டான். சொன்னால் பெரியவரின் நம்பிக்கை போகும். சொல்லாவிட்டால் அவர் இப்படியே வாடிப்போவார்...

“அவர்கிட்டயே கேளுங்க. கேட்டுட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருங்க.”

விறுவிறுவென்று போய்விட்டான். அவர்கள் இருவருக்காகவும் அன்று வேண்டிக்கொண்டாள்.

சில மாதங்களுக்குப் பிறகு, ஒரு மழை நாளில், பெரியவர் மாடிப்படி ஏறி வந்தார்... நின்று, நிதானமாக. பின்னாலேயே மகன், தாங்கத் துடிக்கும் கைகளை இறுக்கக் கட்டிக்கொண்டு! யாரும் சொல்லாமலே வெளியில் போய் நின்றான்.

இந்த முறை மதிப்பெண் நன்றாகவே ஏறியிருந்தது. இனி அவர் ஆய்வுக்கு வர வேண்டியதில்லை. மருந்தைத் தானே வாங்கி வருவதாகவும், துணைக்கு யாரும் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு நடந்தார்.

ஜன்னலோரம் இருவர் மட்டும்.

“அன்னிக்கு உங்க மேல ரொம்பக் கோபம்,” என்றான். “வீட்டுக்குப் போய் கேட்டேன். அப்பா பேசிட்டே இருந்தார்... காப்பாத்துறேன்னு நினைச்சு அவரைக் கட்டிப்போட்டிருக்கேன். அப்போலேருந்து உங்க நினைப்புதான். உங்களை எனக்குப் பிடிச்சிருக்குங்க.”

அவளுக்குக் காது மடல்வரை சூடேறியது. அவன் உதடுகள் எதையோ சொல்லப் பரபரத்தன... அடக்கிக்கொண்டான்.

“என்ன, எனக்கும் சேர்த்து நீங்களே பதில் சொல்லலையா?”

“இல்லைங்க. நீங்களே சொல்லுங்க.”

காத்திருந்தான்.

“பிடிச்சிருக்கு,” என்றாள், மழைச் சத்தத்தைவிட மெல்ல. அவனுக்குக் கேட்டது.