எங்கே வலிக்கிறது?

வாலுவின் வீட்டில் பதினொரு கோப்பைகள் இருந்தன. எல்லாம் அவள் அம்மாவின் அணி போட்டிகளில் வென்றவை. அம்மா கல்லூரியில் தடகளப் பயிற்சியாளர். ஓட்டம், தாண்டுதல், எறிதல் எல்லாம் சொல்லித் தருபவர். பதினான்கு வருடங்களாக அவருடைய மாணவிகள் பதக்கங்களை வாரிக்கொண்டு வருகிறார்கள். “அந்தம்மா விசில் ஊதினா கல்லும் ஓடும்” என்று ஊரே சொல்லும்.

வாலு மட்டும் ஓடமாட்டாள். பள்ளி விட்டதும் மெதுவாக நடந்து வந்து, கழுத்தில் தொங்கும் சாவியால் கதவைத் திறப்பாள். அப்பாவுக்குக் கப்பலில் வேலை. அம்மா வர எட்டு மணி ஆகும். அதுவரை கோப்பைகள்தான் துணை.

“இன்னிக்கு எங்க வகுப்புக்குள்ள பூனை வந்துடுச்சு,” என்று பெரிய கோப்பையிடம் சொல்வாள். அதற்குக் காது மாதிரி இரண்டு கைப்பிடிகள். காது இருந்து என்ன பயன்? வாய் இல்லையே!

“இந்தப் போட்டி முடியட்டும்டா. அப்புறம் சீக்கிரம் வந்துடறேன்,” என்று அம்மா சொல்லியிருந்தார். போட்டி முடிந்தது. பன்னிரண்டாவது கோப்பையும் வந்தது. மறுநாள் காலை அம்மா ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே, “அடுத்த போட்டிக்கு நாப்பது நாள்தான் இருக்கு,” என்றார்.

வாலுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் கோபித்துக்கொள்ள மனசு வரவில்லை. பாவம், அம்மா தினமும் சாப்பிடும்போதே தூங்கி வழிவார்.

அன்று பள்ளி விட்டதும் அவள் நேரே கல்லூரி மைதானத்துக்குப் போனாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பயிற்சிக்கு முன் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். அம்மா நோட்டுடன் வந்து ஒவ்வொருவரிடமும் எங்கே வலிக்கிறது என்று கேட்பார். வலியை மறைத்துக்கொண்டு யாரும் ஓடக்கூடாது.

வாலு வரிசையின் கடைசியில், குண்டு எறியும் அக்காவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“நீ எதைத் தாண்டப்போற?” அக்கா கிசுகிசுத்தாள்.

“உஷ்! சும்மா இருங்கக்கா.”

அம்மா நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே வந்தார். “எங்க வலிக்குது?”

“முட்டியில, மேடம்,” என்றாள் முன்னால் நின்ற மாணவி.

“ஐஸ் வை. இன்னிக்குத் தாண்டாத. அடுத்து?”

“தோள்பட்டையில, மேடம்,” என்றாள் குண்டு எறியும் அக்கா.

“ரெண்டு நாள் குண்டைத் தொடாத. அடுத்து? எங்க வலிக்குது?”

“கை கால் எல்லாம் நல்லாத்தான் இருக்கு,” என்றாள் வாலு. “வீட்டுல தனியா இருக்கறதுதான் வலிக்குதும்மா.”

அம்மாவின் பேனா நின்றது. யாரோ சிரிக்கத் தொடங்கி, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

“எத்தனை நாளா?” என்று கேட்டார் அம்மா.

“ரொம்ப நாளா.”

“ஏன்டி சொல்லவே இல்ல?”

“நீ இங்கதானே கேப்ப? வீட்டுல கேட்டதே இல்லையே.”

அம்மா அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். எந்த வலிக்கும் உடனே மருந்து சொல்பவர், இப்போது நோட்டை மூடிக் கீழே வைத்தார்.

“இதுக்கு என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலையே, கண்ணு.”

“எனக்குத் தெரியும்,” என்றாள் வாலு. “நான் தினமும் இங்க வந்துடறேன். வீட்டுப்பாடத்தை இங்கேயே எழுதறேன். ஆறரைக்கு நீ விசில் ஊதிடு. வீட்டுக்குப் போய் சேர்ந்து சாப்பிடலாம்.”

“ஆறரைக்கா?” அம்மா மாணவிகளைத் திரும்பிப் பார்த்தார்.

“எங்களுக்கும் பசிக்கும் மேடம்!” என்றாள் குண்டு எறியும் அக்கா.

ஆறரை மணிக்கு விசில் கேட்டது.

வழியெல்லாம் வாலு வாய் ஓயாமல் பேசினாள். அம்மா “அப்புறம்? அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். வீடு வந்தும் பேச்சு முடியவில்லை. கதவைக்கூடத் திறக்காமல், இருவரும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.