மேளச் சத்தம் வந்த வழி

"அக்கா, உங்க தங்கச்சி கல்யாணத்துக்கு நீங்க ஏன் போகலை?"

போன கோடையில் ஷ்ரேயா இப்படிக் கேட்டாள். அப்போது அவளுக்கு உடம்பெல்லாம் அம்மை போட்டிருந்தது. அம்மாவின் வயிற்றில் தம்பிப் பாப்பா இருந்தான். அம்மாவுக்கு ஒட்டிவிடக் கூடாதே என்று எதிர் வீட்டுப் பவுனு அக்கா ஷ்ரேயாவைத் தன் வீட்டிலேயே படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டாள்.

பவுனு அக்கா வேப்பிலைக் கொத்தால் மெல்ல வருடிக்கொண்டே சொன்னாள்:

"அம்மை பாத்த கையோட மணமேடைப் பக்கம் போகக் கூடாது கண்ணு. அதனால என்ன? வீடியோ எடுப்பாங்கல்ல, பாத்துக்கலாம்."

ஈரோட்டு வீடியோக்காரர் ஆடி அசைந்து வேலை செய்கிறவர் போலிருக்கிறது. அந்த வீடியோ ஒரு பென் டிரைவில் ஏறி, வடக்கே இவர்கள் குடியிருக்கும் லோதி ரோட்டுக்கு வந்து சேர இத்தனை மாதம் ஆகிவிட்டது.

வந்த நேரமும் சரியில்லை. பவுனு அக்காவின் கணவர் செல்வராஜ் மாமா ராணுவத்தில் இருந்தார். அவருக்கு அஸ்ஸாமுக்கு மாற்றல். நாளைக் காலையில் ரயில். அவர்கள் வீட்டு டிவி, கட்டில், மிக்ஸி எல்லாம் மூட்டையாகிவிட்டன.

"அங்க போனா கம்ப்யூட்டருக்கு எங்க போறது? இன்னிக்கே பாத்துடறேன் கண்ணு" என்று பவுனு அக்கா ஆசையாக வந்தாள்.

ஷ்ரேயா வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. ஆனால் அதன் ஸ்பீக்கர் தீபாவளியோடு வாயை மூடிக்கொண்டது. திரையில் மேளக்காரர் அடி அடியென்று அடித்தார். நாதஸ்வரக்காரரின் கன்னம் பூரி மாதிரி உப்பியது. சத்தம் மட்டும் துளியும் இல்லை.

"மீன் தொட்டியப் பாக்கறாப்புல இருக்குது. நிறுத்து கண்ணு" என்றாள் பவுனு அக்கா.

"கவலையே வேண்டாம்மா!" என்று அப்பா உற்சாகமாக எழுந்தார். "புதுப் பெட்டி வாங்கியிருக்கேன். கம்ப்யூட்டர்ல இருக்கிற படம் அப்படியே டிவியில வரும். டிவி போடுற சத்தத்துல கீழ் வீட்டுக்காரங்களும் அட்சதையோட வந்துடுவாங்க!"

நேரு ப்ளேஸ் கடையில் வாங்கிய அந்தக் கறுப்புப் பெட்டிக்கு அப்பா சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்திருந்தார். அதை டிவியில் மாட்டினார். நீல ஒயர் ஒன்றைக் கூடத்திலிருந்து உள் அறை வரை இழுத்துப் போய்ச் செருகினார். வரும்போது மறக்காமல் மோடத்தை 'டக்'கென்று அணைத்தார்.

அது அந்த வீட்டுப் பழக்கம். மாதத்துக்கு இவ்வளவுதான் நெட் என்று அளவு உண்டு. அதனால் குழாயை மூடுவதுபோல, வேலை முடிந்ததும் மோடத்தை அணைத்துவிட வேண்டும்.

டிவியில் எழுத்து வந்தது: 'கம்ப்யூட்டர் கிடைக்கவில்லை.'

"அச்சா, இன்னொரு தடவை" என்றார் அப்பா. ரிமோட்டில் பேட்டரியை மாற்றினார். பெட்டியைத் தட்டினார். கெஞ்சியும் பார்த்தார்.

'கம்ப்யூட்டர் கிடைக்கவில்லை.'

"பொட்டு வெச்சது போதலையோ என்னவோ. தேங்காயும் உடைச்சுடுங்களேன்" என்றாள் அம்மா, தம்பியைத் தோளில் போட்டுத் தட்டியபடி.

பவுனு அக்கா எழுந்தாள். "விடுங்கண்ணா. எனக்கு இன்னும் பாத்திரம் கட்டற வேலை கிடக்குது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றாள்.

ஷ்ரேயா நினைத்துக்கொண்டாள்: 'என்னாலதானே அக்கா போகலை?'

"கொஞ்சம் இருங்க அக்கா!" என்று சொல்லிவிட்டு நீல ஒயரைப் பிடித்துக்கொண்டே உள் அறைக்குப் போனாள். அது நேராகக் கம்ப்யூட்டருக்குப் போகவில்லை. மோடத்துக்குள் நுழைந்தது. கம்ப்யூட்டரின் ஒயரும் அதே மோடத்துக்குத்தான் வந்தது.

ஷ்ரேயா திறந்திருந்த வாசல் கதவைப் பார்த்தாள். எதிரே அக்கா வீட்டுக் கதவு. அங்கே போகத் தெருவில் இறங்க வேண்டியதில்லை. ஆனால் நடுவில் இருக்கும் மாடிப்படியைத் தாண்டித்தானே போக வேண்டும்? இந்த மோடமும் அந்த மாடிப்படி மாதிரிதான்!

"அப்பா! மோடத்தைப் போடுங்க!"

"படம் நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கு. நெட் எதுக்கு?"

"நெட் வேண்டாம்பா. நெட் வர்ற டெலிபோன் ஒயரைப் பிடுங்கிடுங்க. அப்ப நெட் செலவாகாது. ஆனா பெட்டியும் கம்ப்யூட்டரும் பேசிக்க நடுவுல இந்த மோடம் முழிச்சிருக்கணும்."

அப்பா தலையைச் சொறிந்தார். டெலிபோன் ஒயரைக் கழற்றிவிட்டு மோடத்தைப் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது.

கூடத்தில் திடீரென்று நாதஸ்வரம் முழங்கியது!

"அட சாமி! எங்கப்பா!" என்று பவுனு அக்கா கூவினாள். "பட்டு வேட்டியில எப்படி இருக்காரு பாருங்கக்கா!"

அம்மா சிரித்தாள். அப்பா "அப்பாடா!" என்று நாற்காலியில் சாய்ந்தார்.

ஷ்ரேயா கூடத்துக்கு ஓடி வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் படம் அப்படியே நின்றது. அவள் உள்ளே ஓடினாள். மோடத்தின் விளக்கு அணைந்திருந்தது; பின்னால் இருந்த மெல்லிய கரண்ட் ஒயர் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. விரலால் அழுத்திப் பிடித்தாள். விளக்கு எரிந்தது. மேளம் மறுபடி கேட்டது.

"பாத்தியா? ரிமோட்டை ஒரு தட்டு தட்டினேன், சரியாயிடுச்சு!" என்று கூடத்தில் அப்பா பெருமையடித்தார்.

ஷ்ரேயா விரலை எடுத்தாள். விளக்கு சிமிட்டியது. உடனே மறுபடி அழுத்திக்கொண்டாள்.

"ஷ்ரேயாக் கண்ணு, ஜல்தி வா! தாலி கட்டப் போறாங்க!"

"நீங்க பாருங்க அக்கா! எனக்கு இங்கேயே மேளம் நல்லாக் கேக்குது!"

கெட்டிமேளம் கொட்டியது. பவுனு அக்கா அழுவதும் சிரிப்பதும் சேர்ந்து கேட்டன. கம்ப்யூட்டர் மேலிருந்த சின்னப் பிள்ளையாரைப் பார்த்து ஷ்ரேயா, "இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்" என்றாள்.

கல்யாணம் முடிய இன்னும் வெகு நேரம் இருந்தது. அவள் வசதியாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விரலை மாற்றி அழுத்திக்கொண்டாள்.