சொல்லிட்டுப் போ, தம்பி

அந்த வீட்டில் அவனுக்கென்று கொடுத்த துண்டு, தினமும் காலையில் அவன் குளிக்கப் போகும் முன்பே நனைந்திருந்தது.

முதல் வாரம் அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓசியில் தங்குகிறவன் உலர்ந்த துண்டு வேறு கேட்டால் அது விசுவாசக் குறைவு. ஆனாலும் காலை ஆறு மணிக்கு, வீட்டில் யாரும் எழுந்திராதபோது, குளியலறை ஆணியில் அந்த நீலத் துண்டு யாரோ அப்போதுதான் தலை துவட்டி மாட்டியது போல முனை சொட்டச் சொட்டத் தொங்கும். தரையில் சோப்பு நுரை ஒன்றிரண்டு இன்னும் உடையாமல் கிடக்கும். முகத்தருகே கொண்டுபோனால் அவனுடையதல்லாத ஒரு தலையின் எண்ணெய் வாசனையும், அதற்கும் அடியில், நனைந்த மண்ணை வெகுநாள் மூடிவைத்துத் திறந்தது போல ஒரு வாடையும் வரும்.

எட்டாம் நாள் கேட்டேவிட்டான். "ஆண்ட்டி, துண்டு ஈரமா இருக்கே?"

வீட்டுக்காரம்மா தையல் மெஷினிலிருந்து தலை தூக்கவில்லை. "ஆமா தம்பி. நீ இன்னும் கொஞ்சம் முன்னாடி எந்திரிச்சா முதல்ல குளிக்கலாம்."

யாருக்கு முன்னாடி என்று அவன் கேட்கவில்லை. அந்த வீட்டில் இருந்தது அவளும் அவள் கணவரும் மட்டும்தான். இரண்டு தலைமுறைக்கு முன் அந்த நாட்டுக்கு வந்து ஒட்டிக்கொண்ட தமிழ்க் குடும்பம். பிள்ளை இல்லை. "ஊழியத்துக்கு வர்ற தம்பிங்கதான் எங்க பிள்ளைங்க" என்று வந்த அன்றே சொல்லியிருந்தாள். எல்லோரும் சொல்வதுதானே என்று அவனும் பல்லைக் காட்டி வைத்தான்.

அவனை அங்கே அனுப்பியது சபை. சபையிடம் கொடுத்தது அம்மா. கல்லூரியில் ஆறு அரியர் வைத்தவனை, ஆட்டை நேர்ந்துவிடுவது போல ஆறு மாத வெளிநாட்டு ஊழியத்துக்கு நேர்ந்துவிட்டாள். ஓர் அரியருக்கு ஒரு மாதம் என்ற கணக்கு. கிளம்பும்போது அவன் வாசலில் நின்று, "போறேன்" என்றான். அம்மா பதறி அவன் வாயைப் பொத்தினாள். "அப்படிச் சொல்லாதடா. போயிட்டு வர்றேன்னு சொல்லு." அவன் அவள் கையை விலக்கி, இன்னொரு முறை நிறுத்தி நிதானமாகச் சொன்னான். "போறேன்."

ஞாயிறுதோறும் போனில் கெஞ்சுவாள். "ஒரே ஒரு தடவை அதைச் சொல்லிடுடா. மனசு கெடந்து அடிச்சுக்குது."

"நேர்ல வந்து சொல்றேன், வை."

அந்த வீறாப்பு இந்த வீட்டு வாசலில் செல்லுபடியாகவில்லை. காலையில் துண்டுப் பிரசுரக் கட்டோடு அவன் கிளம்பும்போதெல்லாம் வீட்டுக்காரம்மா தாழ்ப்பாளில் கை வைத்து நிற்பாள். "சொல்லிட்டுப் போ, தம்பி."

"போயிட்டு வர்றேன் ஆண்ட்டி."

அப்புறம்தான் தாழ்ப்பாள் விலகும். பெற்றவளிடம் வராத மரியாதை ஊரார் வீட்டில் நாள் தவறாமல் வந்தது. பிறகு நாள் முழுக்க அவன் வீடு வீடாகப் பிரசுரம் கொடுப்பான். வாங்கியவர்கள் அதைத் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் சேர்ப்பார்கள். இரு தரப்பும் கடமை தவறியதில்லை.

வாசல் நடையில் ஏழு ஜோடி கறுப்பு ஷூக்கள் வரிசையாக இருந்தன. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் சம்மணமிட்டு உட்கார்ந்து ஏழுக்கும் பாலிஷ் போடுவார்.

"யாரோடது அங்கிள்?"

"உனக்கு முன்னாடி இருந்த தம்பிங்களோடது."

"விட்டுட்டுப் போயிட்டாங்களா?"

"விட்டுட்டா!" அவர் சிரித்தது விசில் போல இருந்தது. "ரிட்டர்ன் டிக்கெட் எடுத்தவன் வராம இருப்பானா?"

கண்டக்டர் ஜோக் என்று நினைத்து அவனும் சிரித்தான். சிரித்து முடித்த பிறகுதான் கவனித்தான்: ஏழு ஜோடியின் முனையும் வீட்டுக்குள் பார்த்திருந்தது, இப்போதுதான் உள்ளே வந்தவர்கள் கழற்றிவிட்டது போல. அவனுடையது மட்டும் தெருவைப் பார்த்திருந்தது. மூன்று வாரமாக அந்த ஊரில் மழை இல்லை. ஏழு ஜோடியின் அடியிலும் ஈர மண்.

ஊர் திரும்ப ஒரு வாரம் இருக்கையில் சபை அலுவலகத்துக்குப் போய் மேற்பார்வையாளரைப் பார்த்தான்.

"அந்த வீட்டைப் பத்தி ஒரு புகார்கூட வந்ததில்ல, பிரதர்." அவர் கோப்பிலிருந்து ஏழு தாள்களை எடுத்துச் சீட்டு விரிப்பது போல விரித்தார். தங்கிப் போனவர்கள் நிரப்பிய படிவங்கள். கடைசிக் கேள்வி: மீண்டும் இந்த வீட்டுக்கு வர விரும்புகிறீர்களா? ஏழிலும் 'ஆம்'.

"இவங்கள்லாம் இப்ப எங்க இருக்காங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கர்த்தருக்குள்ள நித்திரை."

"யாரு?"

"ஏழு பேரும். ஒருத்தருக்குக் காய்ச்சல். ஒருத்தர் வண்டியில அடிபட்டு. எல்லாம் இங்கேருந்து கெளம்பின பிறகுதான், பிரதர். நம்ம பொறுப்புல இருக்கிறப்ப ஒண்ணுமே நடக்கல." கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

"எனக்கு வேற வீடு கிடைக்குமா?"

"ஒரு வாரத்துக்கா?" எட்டாவது படிவத்தை அவன் பக்கம் தள்ளினார். அவன் 'இல்லை'யில் பேனாவை அழுத்திய அழுத்தத்தில் தாள் கிழிந்தது. "நன்றி மறக்கக் கூடாது, பிரதர்" என்றார் அவர்.

அன்றிலிருந்து வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவெடுத்தான். ஆனால் அவன் சொல்லாமல் தாழ்ப்பாள் விலகவில்லை. பின்கட்டு வழியாகப் போனால் அங்கேயும் அவள் நின்றாள், அதே புன்னகையோடு. "சொல்லிட்டுப் போ, தம்பி." மாற்றிச் சொல்லலாம்தான். 'போறேன்' என்று. நாக்கு நுனிவரை வந்தும் அந்தச் சொல் வெளியே வரவில்லை; வழக்கமான 'போயிட்டு வர்றேன்'தான் வந்தது. 'போறேன்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று தமிழனுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒருவர் போயிட்டார் என்றால் பெட்டியோடு போனார் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பெட்டிக்குள்.

அதைத்தான் அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தான். இரண்டு தடவை.

கடைசி நாள் காலை ஆறு மணி. குளியலறை.

துண்டு உலர்ந்திருந்தது.

மொடமொடவென்று, வெயில் வாசனையோடு. தரையில் நுரை இல்லை. சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது. முடியவில்லை. குளித்தான். துவட்டினான். ஆணியில் மாட்டினான். முனையிலிருந்து சொட்டியது.

வாசலில் அவள். தாழ்ப்பாளில் கை. "இன்னைக்கு நீதான் முதல்ல, இல்ல?"

அவன் பெட்டியைக் கையில் எடுத்தான். பல்லைக் கடித்துக்கொண்டான்.

"சொல்ல மாட்டியா? பரவால்ல." தாழ்ப்பாள் தானாக விலகியது போல விலகியது. "நூத்தி எழுபத்தெட்டு தடவை சொல்லிட்டே. ஒண்ணு கொறைஞ்சா என்ன? உங்கம்மாகிட்ட ஒரு தடவையாவது சொன்னியா, தம்பி?"

நடையில் எட்டு ஜோடி ஷூக்கள். எட்டும் பளபளவென்று. அவனுடையதும் உள்ளே பார்த்திருந்தது. காலை நுழைத்தான். உள்ளே சில்லென்று ஈரம். குனிந்து கயிறு கட்டக்கூட நிற்கவில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடினான்.

நல்ல வெயில். வெறிச்சோடிய தெரு. முனையில் வாடகைக் கார் காத்திருந்தது.

ஓடியபடியே போனை எடுத்தான். மணி போனது. எடுத்தாள்.

"அம்மா, போயிட்டு வர்றேம்மா. கேக்குதா? போயிட்டு வர்றேன்."

"ஹலோ? யாரு?"

"நான்தாம்மா!"

"ஹலோ? சத்தமே இல்லியே..." யாரிடமோ திரும்பிச் சொன்னாள். "அவனாத்தான் இருக்கும்னு ஓடி வந்தேன்." வைத்துவிட்டாள்.

நின்றான். மூச்சு வாங்கியது. இல்லை, வாங்கவில்லை. அவ்வளவு தூரம் ஓடியும் வாங்கவில்லை.

திரும்பிப் பார்த்தான். காய்ந்த தெருவில், அந்த வாசலிலிருந்து அவன் நிற்கும் இடம்வரை, அவன் ஷூத் தடங்கள். ஈர மண் தடங்கள்.

குதிகால்கள் அவன் பக்கம். முனைகள் வீட்டின் பக்கம்.

ஒவ்வொன்றும்.

காலைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. வாசலில் அவர்கள் இருவரும் நின்றிருந்தார்கள். கண்டக்டரின் கையில் பாலிஷ் பிரஷ். அவள் தோளில் ஈரம் சொட்டும் நீலத் துண்டு. அவனைப் பார்த்து, வெகுநாள் கழித்து வீடு வந்த பிள்ளையைப் பார்ப்பது போல, முகம் மலர்ந்து, இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"வா, தம்பி."

அவன் காரை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தான். வாசல் ஓர் அடி அருகில் வந்தது.