அழியாத இடத்தில் ஒரு வட்டம்

"குடை எதுக்குங்க? நனையறதுக்கு இனிமே என்ன பாக்கி இருக்கு?"

லாரியில் ஒரு கால், படகில் ஒரு கால் என்று தவித்துக்கொண்டிருந்தவளிடம் அவன் கேட்ட முதல் கேள்வி இதுதான். பதில் சொல்ல வாயைத் திறந்தாள்... படகு ஆடியது... சட்டென்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். இமையோரம் மழைத்துளி நிற்கிற கண்கள். தூக்கம் கெட்டுச் சிவந்திருந்தாலும், உள்ளே ஒரு குறும்பு பதுங்கியிருந்தது.

"எங்கம்மா வச்சது," என்றாள்.

"அம்மாகிட்ட வெள்ளம்னு சொல்லலையா? தூறல்னு சொல்லிட்டு வந்தீங்களா?"

அது உண்மைதான், பாருங்கள். லேசாகத் தண்ணீர் நிற்கிறதாம் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தாள். அவள் நர்ஸ். வெள்ள நிவாரணத்துக்கு வருவது இதுதான் முதல் தடவை. இஸ்திரி கலையாத சீருடையோடு வந்து இறங்கியவளுக்கு மருத்துவக் குழுவில் 'புதுசு' என்று பேர் வைத்துவிட்டார்கள். அவனுக்கு 'மோட்டார்'. சொந்தப் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு, கேட்காமலே உதவிக்கு வந்த வெளியூர்க்காரன்.

தெருவெல்லாம் ஆறாகிக் கிடந்தது. படகு வீடு வீடாகப் போகும். கதவைத் தட்டுவார்கள், குரல் கொடுப்பார்கள். ஆள் இல்லையென்றால் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு பெருக்கல் குறி. உள்ளே ஆள் இருந்து, திரும்பி வர வேண்டுமென்றால் ஒரு வட்டம். குறி போடுவது புதுசின் வேலை. நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, ரங்கோலி போடுகிற மாதிரி அழகாக வட்டம் போட்டாள். திரும்பினால், அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்... அவள் பார்த்ததும் மேகத்தைப் பார்த்தான்.

ஒரு மாடியில், கால் நடக்க வராத ஒரு அம்மா படுத்திருந்தார். சர்க்கரை வியாதிக்காரர். கீழே இறக்க ஸ்ட்ரெச்சரும் நாலு ஆளும் வேண்டும், காலையில் முதல் வேலையாக வருகிறோம் என்று சொல்லி, அந்த வீட்டில் ஒரு வட்டம் போட்டாள்.

ராத்திரி முழுக்க மழை. காலையில் போனால்... தண்ணீர் ஒரு முழம் ஏறியிருந்தது. படகில் உட்கார்ந்தபடி கைக்கு எட்டின இடத்தில் அவள் போட்ட குறிகள் அத்தனையும் முங்கிப் போயிருந்தன. பாதி முங்கிய தெருவில் எல்லா வீடும் ஒரே மாதிரி. அவளுக்கும் அடையாளம் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு கதவாக மறுபடி தட்டிக்கொண்டு போய், அந்த அம்மாவைக் கண்டுபிடித்தபோது உச்சி வேளை தாண்டிவிட்டது. அவருக்கு நினைவே இல்லை.

முகாமாக இருந்த பள்ளிக்கூடத்தில் டாக்டர் போராடித்தான் கண்ணைத் திறக்க வைத்தார். அப்புறம்தான் அவன் வெடித்தான், அத்தனை பேர் எதிரில்.

"ஒரு குறி போடத் தெரியாதவங்களை எதுக்கு என் படகுல ஏத்துறீங்க?"

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. தப்பு தன்னுடையதுதான்... ஆனாலும் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே.

"படகு ஓட்டத் தெரிஞ்சவருக்கு, உயரமா போடுன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையா?"

அவன் முகம் கறுத்தது. விறுவிறுவென்று படி இறங்கிப் போய்விட்டான். அவளும் பெரிய நர்ஸக்காவிடம் கேட்டு, படகு வேண்டாம், முகாமே போதும் என்று இருந்துகொண்டாள்.

இருந்துகொண்டாளே தவிர... மனசு கேட்க வேண்டாமா? எத்தனையோ படகு வரும், போகும். அவன் மோட்டார் மட்டும் கரைக்கு வரும்போது இருமிவிட்டுத்தான் அணையும். அந்த இருமல் கேட்டால், ஊசி போடுகிற கை ஒரு நொடி நிற்கும். அவன் ஆட்களைப் படியில் இறக்கிவிடுவான். அவள் தாங்கி வாங்கிக்கொள்வாள். கைக்கும் கைக்கும் நடுவில் ஒரு சாண் கூட இருக்காது... பேச்சுதான் இருக்காது.

அவசரத்தில் அவள் குடை அவன் படகிலேயே தங்கிவிட்டது. அதைக் கேட்கவும் வாய் வரவில்லை. ஒரு நாள் பார்த்தாள், பிள்ளைத்தாய்ச்சி ஒருத்திக்கு மேலே அந்தக் குடை விரிந்திருந்தது. பிடி உடைந்த இடத்தில் மீன்பிடி நரம்பால் சுற்றி வைத்திருந்தான்.

"அவன் குடையைக் குடுக்கவும் மாட்டான், நீ கேட்கவும் மாட்டே. நல்ல ஜோடிடி," என்று நர்ஸக்கா பஞ்சைக் கிழித்துக்கொண்டே சொன்னாள்.

தண்ணீர் வடிந்தது. அந்த மாடி வீட்டு அம்மா ஆரஞ்சு உரித்துத் தின்னும் அளவுக்குத் தேறிவிட்டார். குழுவைக் கிளம்பச் சொல்லி உத்தரவு வந்தது.

லாரி அதே தெரு வழியாக, சேற்றில் முக்கி முனகிப் போனது. தெருமுனையில் மோட்டார் தன் படகைக் கழுவிக்கொண்டிருந்தான். இன்றோடு போனால், அவன் எந்த ஊரோ, இவள் எந்த ஊரோ... லாரியை நிறுத்தச் சொன்னது யார் என்று அவளுக்கே தெரியவில்லை. இறங்கிவிட்டாள்.

"குடை வாங்க வந்தேன்."

"தரமாட்டேன்," என்றான். கொஞ்ச நேரம் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தான். பிறகு வாளியைக் கீழே வைத்தான். "அன்னிக்கு நீங்க எவ்ளோ உயரத்துல குறி போடுறீங்கன்னு நான் பார்க்கவே இல்ல. தண்ணி ஏறும்னு தெரிஞ்சவன் நான்தான். பார்த்திருக்கணும். ஆனா... உங்களைத்தான் பார்த்துட்டிருந்தேன். அந்தம்மா கண்ணு மூடிக் கிடந்தப்ப, என் மேல வந்த கோபத்தை உங்க மேல கொட்டிட்டேன்."

லாரி ஹாரன் அடித்தது. அவள் பையைத் துழாவி, அடியில் கிடந்த சுண்ணாம்புக் கட்டியை எடுத்தாள். கிட்டே போனாள்... அவன் போட்டிருந்த லைஃப் ஜாக்கெட்டில், இடது நெஞ்சுக்கு நேராக, நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு வட்டம் போட்டாள்.

"உயரம் போதுமா?"

அவன் குனிந்து வட்டத்தைப் பார்த்தான். "வட்டம்னா..."

"உள்ளே ஆள் இருக்கு. திரும்பி வரணும்."

"யாரு வரணும்? நீங்களா, நானா?"

அவள் லாரியில் ஏறி உட்கார்ந்தாள். முகம் சிவந்து, கண் நிறைந்து, சிரிப்பு மட்டும் அடங்கவில்லை.

"குடையை எங்கம்மா கையிலயே கொண்டுவந்து குடுங்க. விலாசம் குடைக்கு உள்பக்கம் எழுதியிருக்கு. வெள்ளம்னு நான் சொல்லலை... நீங்க சொல்லிக்கோங்க."