இரண்டு தட்டு

ஐந்து மணிக்கு லாரி வந்துவிடும். அதற்குள் மண் தோண்டும் இயந்திரத்தின் டிராக் இறுகியாக வேண்டும். ஈரத் தரையில் ஒரு முழங்காலை ஊன்றிக்கொண்டு, மெக்கானிக் கிரீஸ் கன்னின் கைப்பிடியைப் பல்லைக் கடித்தபடி அழுத்தினான். இன்னொன்று. இன்னொன்று. கிரீஸ் உள்ளே ஏற ஏற டிராக் இறுகும். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது.

இரண்டு விரலைச் சேர்த்து, ரோலருக்கும் டிராக்குக்கும் நடுவே விட்டுப் பார்த்தான். கச்சிதம். இரண்டு விரல்தான் நுழைந்தது.

எழுந்து போய்ப் பழைய துணியில் கையைத் துடைத்துவிட்டு வந்தான். சும்மா, ஒரு நிம்மதிக்காக, மறுபடி விரலை விட்டான்.

நான்கு விரல் நுழைந்தது.

இது மூன்றாவது தடவை. கிரீஸ் எங்காவது ஒழுக வேண்டும் அல்லவா? வால்வைச் சுற்றி விரலால் தடவினான். காய்ந்து கிடந்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை. உள்ளே போன கிரீஸை யார் நக்கிக் குடித்தார்கள்?

இயந்திரம் பெரியதொன்றும் இல்லை. ஓட்டுபவன் உட்கார ஒரு சின்னக் கேபின், மண் தோண்ட ஒரு கை, சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு பக்கமும் இரும்பு ரோலர்கள்மேல் பட்டையாகச் சுற்றும் ரப்பர் டிராக். குறுகலான சந்துக்குள்ளும் நுழைந்து குழி தோண்டும். பட்டறையில் எல்லோருக்கும் அது ‘குட்டி’. அந்தக் குட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கி, அடியில் மரக்கட்டைகள் கொடுத்து நிறுத்தியிருந்தான். தூக்கிய பக்கத்தில் டிராக் பெரிய நாக்கு மாதிரி தொய்ந்து தொங்கியது.

பேட்டரி கேபிளைக் கழற்றித் தரையில் போட்டிருந்தான். சாவி சட்டைப் பையில். பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். மூன்று மாதமாக இந்தப் பழக்கம். ஒரு மணி நேரத்தில் பத்துத் தடவையாவது தொட்டுவிடுவான்.

“வேற எவனும் அத தொடமாட்டேங்கறான்” என்று சொல்லிவிட்டு மத்தியானமே கிளம்பியிருந்தார் முதலாளி. “வாங்கினவன் கண்ல படறதுக்கு முன்னாடி டிராக்க சரி பண்ணிடு. இன்னிக்கி விட்டா அப்புறம் இது நமக்கே கட்டிவச்ச சனியன்.”

மற்றவர்களும் ஒவ்வொரு சாக்காகச் சொல்லி நழுவினார்கள். ஒருவனுக்குப் பல்வலி. ஒருவனுக்கு மாமியார் வந்திருக்கிறார். மழை வேறு பிடித்துக்கொண்டது. மூன்றரைக்கு மின்சாரம் போயிற்று. தகரக் கூரை முழுக்க ஒரே இரைச்சல். கதவு வழியே வந்த சாம்பல் வெளிச்சம் குட்டியின் மூக்கு வரைக்கும் வந்து, அதற்குமேல் வரமாட்டேன் என்று நின்றுவிட்டது. உள்ளே டீசல் வாடை, நனைந்த மண்ணின் வாடை. அவற்றுக்கு அடியில், மெல்லியதாக, சிகரெட் புகை.

பட்டறையில் இப்போது யாரும் சிகரெட் பிடிப்பதில்லை. பிடித்த ஒரே ஆள் மாமா. அவனுடைய அக்காவின் கணவர்.

போன் அலறியதும் உடம்பே ஒரு தடவை துள்ளிற்று. அக்காதான்.

“கெளம்பிடுச்சாடா?”

“லாரி இன்னும் வரலக்கா. முக்கா மணி நேரம்.”

“போய்த் தொலையட்டும். அது அங்க நிக்கிற வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது.” குரலைத் தாழ்த்தினாள். “டேய்...”

என்ன கேட்கப் போகிறாள் என்று அவனுக்குத் தெரியும். தினமும் கேட்பதுதான்.

“ரெண்டுதானே?”

“ரெண்டுதான்க்கா.”

“இருபது வருஷம் அதே வேல பாத்த மனுஷன். எண்ணத் தெரியாமயா செத்தாரு?”

அவன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான்.

டிராக்கில் அப்பிய மண்ணை எடுப்பது இரண்டு ஆள் வேலை. ஒருவன் மேலே கேபினில், ஓடும் என்ஜினோடு. இன்னொருவன் கீழே படுத்து, ரோலர் இடுக்குகளில் சிக்கிய கல்லையும் களிமண்ணையும் குத்தி எடுப்பான். என்ஜின் சத்தத்தில் பேச்சு சரியாக எடுபடாது. அதனால் பட்டறையில் ஒரு முறை வைத்திருந்தார்கள். கீழே இருப்பவன் ஸ்பேனரால் இரும்புச் சட்டத்தில் தட்டுவான். இரண்டு தட்டு என்றால், நான் வெளியே வந்துவிட்டேன், டிராக்கைச் சுற்று. மூன்று தட்டு என்றால், கை உள்ளே இருக்கிறது, தொடாதே.

மாமா அதிலும் குறும்பு செய்வார். மூன்று தட்டிவிட்டு வெளியே வந்து, சுவரில் சாய்ந்து சாவகாசமாகச் சிகரெட் பற்றவைப்பார். மேலே இருப்பவன் லீவரில் கையை வைக்காமல் சாமி மாதிரி உட்கார்ந்திருப்பான். கடைசியில் எட்டிப் பார்த்தால், “என்ன மாப்ளே, பயந்துட்டியா?” என்று ஒரு சிரிப்பு.

மூன்று மாதத்துக்கு முன், மாமா டிராக்கில் சிக்கிச் செத்த அன்று, மேலே உட்கார்ந்திருந்தது அவன். இரண்டு தட்டு கேட்டது, லீவரைத் தள்ளினேன் என்றான். எல்லோரும் நம்பினார்கள். விளையாட்டுப் பிள்ளை மாதிரி இருந்த மனுஷன், என்ன நினைப்பில் தட்டினாரோ என்றார்கள். கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்தும் ஆயிற்று.

“ஏதோ ஞாபகத்துல தட்டியிருப்பாருக்கா...” என்று ஆரம்பித்தான்.

டங். டங். டங்.

அவனுக்கு முதுகுப் பக்கத்திலிருந்து.

“யாருடா அங்க தட்டறது?” என்றாள் அக்கா.

“யாருமில்லக்கா. மழை.”

“மழையா? மூணு தட்டு கேட்டுச்சேடா.”

லைன் அறுந்துபோயிற்று.

அவன் திரும்பினான். தொய்ந்த டிராக். மரக்கட்டைகள். பின்னால் இருட்டு. எலியாக இருக்கும். எங்காவது தகரம் ஆடியிருக்கும். இந்தச் சனியனை ஏற்றி அனுப்பிவிட்டால் போதும். இனி இந்தச் சத்தம் இல்லை, அக்காவின் கேள்வியும் நாளடைவில் நின்றுவிடும். இன்னும் நாற்பது நிமிடம்.

போன் விளக்கைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தான். இரண்டாவது ரோலருக்குப் பின்னால் ஏதோ மின்னியது. ஓ, இதுதானா! எதுவோ சிக்கியிருக்கிறது, அதனால்தான் டிராக் ஒழுங்காக உட்காரவில்லை. மூச்சே அப்போதுதான் வந்தது.

மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தான். கையைத் தோள் வரைக்கும் இடுக்கில் விட்டான். களிமண் சில்லென்று முழங்கையில் ஒட்டியது. விரல் நுனியில் இரும்பு தட்டுப்பட்டது. பிடித்தான்.

சூடாக இருந்தது.

இவ்வளவு நேரம் யாரோ உள்ளங்கையில் வைத்திருந்த மாதிரி.

மெல்ல, இடுக்கின் வாய் வரைக்கும், போன் வெளிச்சத்துக்கு இழுத்தான். ஒரு ஸ்பேனர். பிடியைச் சுற்றிச் சிவப்பு டேப். மாமா தன் சாமான்களுக்கு எல்லாம் சுற்றும் டேப். அன்று பட்டறையையே சல்லடை போட்டுத் தேடியும் கிடைக்காத ஸ்பேனர். அதற்கப்புறம் இந்த ரோலர்களை அவனே இரண்டு தடவை கழுவியிருக்கிறான்.

வெளியே வர உடம்பை நெளித்தான். வரவில்லை. சட்டைக் கை எதிலோ மாட்டியிருந்தது. இழுத்தான். இன்னும் இறுகியது.

டிராக் இறுகிக்கொண்டிருந்தது. யாரும் கிரீஸ் அடிக்காமல். நான்கு விரல். மூன்று விரல். இரண்டு.

சிகரெட் வாடை இப்போது நன்றாகவே வந்தது.

தலைக்கு மேலே, கேபினில், இருக்கை கிறீச்சிட்டது. அந்த இருக்கைக்கு ஒரு பக்க ஸ்பிரிங் போய்விட்டது. கனத்த ஆள் உட்கார்ந்தால் மட்டும்தான் கத்தும்.

“யாரு?” என்றான். “யாரு மேல?”

குதிகாலை ஊன்றி உடம்பை வெளியே தள்ளப் பார்த்தான்.

டக். பாதுகாப்புப் பூட்டின் கைப்பிடி இறங்கியது. ஓட்டத் தயாராகிவிட்டவன்தான் அதை இறக்குவான்.

மற்றக் கையின் முழங்கையால் பையை அழுத்திப் பார்த்தான். சாவி இருந்தது. நெஞ்சில் குத்தியது. தலையைச் சாய்த்துப் பார்த்தால் பேட்டரி கேபிள் தரையில் அப்படியே கிடந்தது.

என்ஜின் ஒரு தடவை இருமியது.

பிடித்துக்கொண்டது.

சட்டம் முழுவதும் அதிர்ந்தது. மண் பொலபொலவென்று முகத்தில் கொட்டியது. கத்தினான். அவன் சத்தம் அவனுக்கே கேட்கவில்லை. கையை இழுத்தான். வரவில்லை. கடவுளே. இழுத்தான். வரவில்லை.

கையில் ஸ்பேனர் இருந்தது.

தட்டினான். டங். டங். டங்.

காத்திருந்தான். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. லீவர் அசையவில்லை.

மறுபடி. நிதானமாக. எண்ணி. ஒன்று. இரண்டு. மூன்று.

மேலே யாரோ சிரித்தார்கள். நன்றாகத் தெரிந்த சிரிப்பு. அப்புறம், என்ஜின் சத்தத்தையும் மீறி, சலிப்போடு ஒரு குரல்:

“வெளையாடாத மாப்ளே!”

அதே பேச்சு. அன்று கேபினில் உட்கார்ந்து, மூன்று தட்டையும் ஒன்று விடாமல் எண்ணிவிட்டு, “வெளையாடாதீங்க மாமா!” என்று அவன் கத்திய அதே பேச்சு.

லீவர் சாய்ந்தது.

சட்டைக் கை முதலில் உள்ளே போயிற்று.